அலுமாரித் துவக்கு

“எங்கடை சுவிஸ் நடுநிலை நாடு அண்ணை. ஒரு கூட்டுப்படையிலையும் சேராது” என்றார், தவராசாவின் லண்டன் குட்மேய்ஸ் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த பழைய சூரிச் நண்பர் இராஜேந்திரன்.

“பிறகேன் என்ரை மகனைக் கட்டாயம் ஆமிக்கு வரவேணுமெண்டு கூப்பிட்டவங்கள்?” தவராசா சீறினார். “ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவன், பிள்ளையை ஆமிக்கு விடுவனோ? அதுதான் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்!”

குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற அவர் மனைவி நகுலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ரை மகனும் ஆமிக்குப் போனவன்தான்” என்றார் இராஜேந்திரன். “ பயிற்சி முடிஞ்சு, சுடக் குடுத்த துவக்கு வீட்டு அலுமாரிக்கை கிடக்குது. சண்டைக்கெண்டு எங்கையும் போகேல்லை. சரி, உங்கடை மகன் கௌசிகன் எங்கை?”



நகுலேஸ்வரி தேநீர்க் கோப்பையை மேசையில் அடித்து வைத்தாள்.

“இஞ்சை ஒருத்தரும் அவனைக் கூப்பிடேல்லை. தானாப் போய் ஆமியிலை சேர்ந்தவன். இந்த நாடுதான் எல்லாற்றை சண்டைக்கும் முன்னுக்குப் போகுமே! ஆப்கானிஸ்தானிலை நிக்கிறான், துவக்கோடை.”