ஏரோப்ளேன் கேசட்

"அத்தை, என் ஏரோப்ளேன் கேசட்டைப் பார்த்தீங்களா?"

கோவிந்தம்மாள் அப்போதுதான் திண்டிவனம் கடைத்தெருவிலிருந்து திரும்பி, வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சப் பைக்குள் கையை விட்டுக் கேசட்டை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"இந்தா. எங்கியும் ஓடிப்போவல."

"இது எதுக்குக் கடைத்தெருவுக்குப் போச்சு?"

"நான் போனேன். அதுவும் கூட வந்துது."

காந்திமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிங்கப்பூர் அண்ணன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது கொடுத்த கம்ப்யூட்டரோடு வந்த கேசட் அது. கம்ப்யூட்டர், டைப் அடிக்கிற பலகை மாதிரி சின்னதாக இருக்கும். அதை டிவியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் அந்தக் கேசட்டை ஓடவிட்டால் போதும். கொஞ்ச நேரம் கிறீச்சிட்டுவிட்டு, டிவி அப்படியே விமானத்தின் முன்கண்ணாடியாக மாறிவிடும். கட்டைகளைத் தட்டித் தட்டி விமானத்தை ஏற்றலாம், திருப்பலாம், இறக்கலாம்.

மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"இன்னாமே இது, பன்னிக்குட்டியக் கழுத்தப் புடிச்சாப்பல கத்திக்கினு! கரண்டும் போவுது, காதும் போவுது" என்று தினமும் ஒரு பாட்டம் தீர்த்துவிடுவாள்.

"ரெக்கார்டிங் கடைக்குத்தான் போயிருக்கும்" என்றான் காந்திமதியின் கணவன் தாண்டவராயன். "அம்மாவுக்கு அங்காளம்மன் பாட்டுன்னா உசுரு. உன் கேசட்ட அழிச்சிட்டு அதை ஏத்தச் சொல்லியிருக்கும்."

காந்திமதி பதறிப்போய்ப் போட்டுப் பார்த்தாள். நல்லவேளை, விமானம் வந்தது. கடைக்காரன் விவரம் தெரிந்தவன் போலிருக்கிறது, மாட்டேன் என்றிருப்பான்.

அன்றிலிருந்து கேசட் பீரோவுக்குள் போனது. சாவி அவள் இடுப்புக்குப் போனது.

பயப்படக் காரணம் இருந்தது. காந்திமதி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் வகுப்பு வேண்டும் என்று நடையாய் நடந்தவள். 'பொம்பளப் பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?' என்று சிரித்து அனுப்பிய அதே கல்வி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் அறிவியல் கண்காட்சிக்கு வருகிறார். ஒரு தடவை விமானத்தைக் கிளப்பிக் காட்டிவிட்டால் போதும்.

"நானும் வர்றேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

"நீங்க எதுக்கு அத்தை அங்கே?"

"ஏன், எனக்கு மட்டும் பஸ்ல எடம் இல்லியா?"

கண்காட்சியில் நல்ல கூட்டம். தாண்டவராயன் தூக்கி வந்த டிவியும் கம்ப்யூட்டரும் மேசைமேல் தயாராக இருந்தன. அதிகாரி வந்து நின்றார். மாணவிகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காந்திமதி கேசட்டைப் போட்டு டேப் ரெக்கார்டரைத் தட்டினாள்.

கிறீச் சத்தம் பாதியில் நின்றது. 'கரக், கரக்' என்றது. மூடியைத் திறந்தால், நாடா சிக்கிச் சுருள் சுருளாக வெளியே வந்து, அவள் கையிலேயே அறுந்துபோனது.

"வேற கேசட் இருக்காம்மா?"

"இல்லைங்க சார். இது ஒண்ணுதான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுன்னு" என்று அதிகாரி நகர ஆரம்பித்தார்.

"அய்யா, கொஞ்சம் நில்லுங்க!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோவிந்தம்மாள் வந்தாள். மடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தாள். மேலே அங்காளம்மன் படம்.

காந்திமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்பப் போய் பாட்டா? பேஜாரு பண்ணாதீங்க அத்தை, போய் உக்காருங்க."

"பேசிக்கினு நிக்காத. போடுமே, ஜல்தி!"

வேறு வழி தெரியாமல் போட்டாள்.

உடுக்கைச் சத்தம் வரவில்லை. கிறீச்சென்று பன்னிக்குட்டிதான் கத்தியது! கூட்டம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. காந்திமதிக்கு மட்டும் அது நாதஸ்வரமாகக் கேட்டது.

திரையில் கோடுகள் ஓடின. மறைந்தன. ஓடுபாதை நீளமாக விரிந்தது.

அப்புறம் காந்திமதி யாரையும் பார்க்கவில்லை. விமானம் ஓடியது, எழும்பியது, வானத்தில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. "எறக்குங்க டீச்சர், எறக்குங்க!" என்று பிள்ளைகள் கத்த, பூப்போலத் தரையில் இறங்கி நின்றது.

கைத்தட்டல் அடங்க வெகுநேரமானது. அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தரம் ஓட்டும்மா" என்றார். பார்த்துவிட்டு எழுந்தவர், "அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் உங்க வகுப்பை ஆரம்பிச்சிடுங்க டீச்சர். நான் பார்த்துக்கறேன்" என்றார். மாணவிகள் காந்திமதியைத் தூக்காத குறை.

திரும்பும் பஸ்ஸில் காந்திமதி மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க கடைக்கு எடுத்துட்டுப் போனது இதுக்குத்தானா? உங்க சாமி பாட்டை அழிச்சிட்டு, எனக்காகக் காப்பி எடுத்து வச்சீங்க. நான் என்னடான்னா பீரோவைப் பூட்டி..."

"உனக்காவன்னு யார் சொன்னா?"

"பின்னே?"

கோவிந்தம்மாள் முன் சீட்டை எட்டிப் பார்த்தாள். மகன் நல்ல தூக்கம். மருமகளின் காதருகே குனிந்தாள்.

"நீ பள்ளிக்கூடம் போனப்பறம் நான்தான் ஓட்டிக்கினு இருந்தேன். நீ எந்தக் கட்டயத் தட்டுறன்னு பின்னால நின்னு பாத்து வச்சிக்கினேன். உன் கேசட்டு தேஞ்சிடப் போவுதேன்னுதான் எனக்குன்னு ஒண்ணு ஏத்திக்கினேன்... மேல கெளப்பறது நல்லா வருதுமே, எறக்கறதுதான் வரல. அத மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடு!"