ஒருக்கா என்ட பேரச் செல்லு

“ஒரே ஒருக்கா என்ட பேரச் செல்லு, றுஸ்தா. அதுக்குமேல ஒண்டும் கேக்கமாட்டன்.”

சாய்ந்தமருது வீட்டின் குசினி வாசலில் நின்று குழைந்தார் றிஸ்மி. மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

“வெக்கமில்லையா ஒங்களுக்கு? வாப்பாட கூத்த மகள் ஹாஜறா கேட்டுக்கிட்டு இரிக்கா!”

“கேக்கட்டுமே. முத்தமா கேட்டன்? மேற்கோள்தானே கேட்டன்!”

கலாநிதி றிஸ்மி மரபணு ஆய்வாளர். சம்மாந்துறைப் பக்கம் உவர் நிலத்திலும் சாகாமல் நிற்கும் ஒரு நெல்லைப் பிடித்து, அதன் மரபணுவைப் பற்றி 2019இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை இந்த உலகத்தில் ஒருவர்கூடத் தம் ஆய்வில் மேற்கோள் காட்டவில்லை. அவரே இரண்டு தரம் காட்டியிருந்தார். அது கணக்கில் சேராதாம்.

மேற்கோளே இல்லாமல் பேராசிரியர் பதவி நேர்முகத்துக்குப் போனால் கதிரையில் இருக்கச் சொல்வதே சந்தேகம். றுஸ்தாவுக்கும் அதே துறைதான். அவளுடைய புதிய கட்டுரையை ஒரு பெரிய வெளிநாட்டு இதழ் கேட்டு வாங்கியிருந்தது. அவள் காட்டினால் உலகமே காட்டும்.

“சரி, போடுறன்,” என்றாள் றுஸ்தா. “புருசன் எண்டதுக்காக இல்ல. நெல்லு நல்ல நெல்லு.”

அந்தச் சந்தோசம் மறுநாள் மத்தியானம் வரைதான். குளியலறையில் வழுக்கி விழுந்த றுஸ்தாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தாதி, “கணவர்ட பேர் என்னம்மா?” என்று கேட்டாள். றுஸ்தா பதில் சொல்லாமல், றிஸ்மியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இடது கையால் தூக்கிக் காட்டினாள். பாவம், வலியில் பேச்சும் வரவில்லை என்று றிஸ்மி கலங்கிப்போனார்.

“இனி எப்பிடிக் கட்டுரை எழுதுவாய்? நீ செல்லு, நான் தட்டித் தாறன்.”

“ஆ, வேணாம்! நீங்க வரிக்கு வரி ஒங்கட பேரத்தான் தட்டுவீங்க.”

கணினியோடு பேசியே எழுதினாள். அவள் வாயால் சொன்னதையெல்லாம் அது அப்படியே எழுதிக்கொண்டது. றிஸ்மி அடைத்த கதவுக்கு வெளியே உலாத்திக்கொண்டே இருந்தார்.

“என்னப் போட்டியா?”

“போட்டன், போட்டன். மூணு இடத்தில!”

றிஸ்மி கல்முனைக்குப் போய் நேர்முகத்துக்கென்று புதுக் கோட் தைக்கக் கொடுத்தார்.

கட்டுரை வெளிவந்தது. சில மாதங்களில் உலகம் முழுக்கப் பேச்சு. ஜப்பான்காரர் எடுத்துக் காட்டினார், பிரேசில்காரி எடுத்துக் காட்டினாள். றிஸ்மி நேர்முகத்துக்கு முதல்நாள் இணையத்தில் தன் மேற்கோள் கணக்கைத் திறந்து பார்த்தார். பூச்சியம்.

றுஸ்தாவின் கட்டுரையை விரல் வைத்து வாசித்தார். நெல் இருந்தது, உவர் நிலம் இருந்தது, 2019 இருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மட்டும், இதழின் வழக்கப்படி முதற்பெயர் சுருங்கி, ஆங்கிலத்தில் ‘எச். வப்பா’ என்று வேறு ஒருவன் இருந்தான். மூலக் கட்டுரையைத் தேடிப் படிக்காமல் றுஸ்தாவைப் பார்த்து எழுதிய நாற்பது விஞ்ஞானிகளும் அதே வப்பாவைத்தான் புகழ்ந்திருந்தார்கள்.

கோட்டோடு குசினிக்குள் பாய்ந்தார் றிஸ்மி.

“ஆரு புள்ள இந்த வப்பா? பின்லாந்துக்காரனா? வெயிலுக்க நிண்டு நெல்லுப் புடுங்கின நான், பேர் அவனுக்கா? பேராசிரியர் பதவியத் தூக்கி அவன்ட கையில குடுத்திட்டியே!”

றுஸ்தா முதலில் ஒன்றும் விளங்காமல் விழித்தாள். அவர் நீட்டிய தாளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அல்லாஹ்வே! கட்டின புருசன்ட பேர வாயால செல்லுறதா? ‘ஹாஜறா வாப்பா’ எண்டுதான் சென்ன நான்!”