கழன்றுகொண்டே இருந்த கேபிள்

புது எஸ்எஸ்டி டிஸ்க் மூன்றாவது முறையும் அக்கா வீட்டுக் கணினியில் தெரியவில்லை. இறுக்கி மாட்டிவிட்டுக் கை கழுவி வருவதற்குள் கேபிள் கழன்றிருந்தது. கணினி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் நான் எதையும் ஒழுங்காகக் கற்கவில்லையோ?

"பெரிய இன்ஜினியர்தான் போ!" என்றார் அத்தான். "சீக்கிரம் முடி மச்சான். பழைய டிஸ்க்கை இன்னைக்கே உடைச்சுப் போடணும்."

வீட்டுக் கேமராப் பதிவெல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருந்தது.

நான் மீண்டும் கேபிளை மாட்டினேன். அவர் மாடிக்குப் போனதும் அக்கா தேநீர் கொண்டுவந்தாள். ஒரு கையில் மாவுக்கட்டு. மறு கை விரல்களில் கணினிப் பெட்டியின் கறுப்புத் தூசி.

"படியில வழுக்கித்தானே விழுந்தே, அக்கா?"

அவள் பழைய டிஸ்க்கையே பார்த்தாள்.

அத்தான் படியிறங்கும் சத்தம் கேட்டது. இந்த முறை கேபிளை நானே கழற்றினேன்.

"இன்னும் தெரியலை, அத்தான். ரெண்டு டிஸ்க்கையும் வகுப்புக்கு எடுத்துட்டுப் போறேன்."