மெத்தைக் கடையில் மெத்தை இல்லை

"அம்மா, தயவு செஞ்சு போயிடுங்க. உங்களுக்கு மெத்தை தர முடியாது."

மெத்தைக் கம்பெனி முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் நாற்பது மெத்தைகள் கூரை முட்ட அடுக்கப்பட்டிருந்தன.

வந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இத்தனை இருக்கே! முதுகு வலி உயிர் போகுதுங்க. நாள் பூரா உக்காந்த இடத்துல உக்காந்து, ரெண்டு தரப்பு சண்டையையும் நான்தான் கேக்கணும்."

"கூட்டுக் குடும்பமா?" என்றார் முதலாளி பாவமாக.

"கிட்டத்தட்ட."

முகத்தைப் பார்த்தால் இரக்கப்பட்டு விற்றுத் தொலைத்துவிடுவோமோ என்று அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

"இன்னிக்கு இது ஏழாவது ஆளு மாமா," என்றான் கடையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன். "கடையைத் திறந்து வெச்சுட்டு, வர்றவங்களைத் துரத்துறது உலகத்துலயே நாம மட்டும்தான்."

"கேஸ் முடியிற வரைக்கும்தான்டா. வாயை மூடு."

கேஸ் இதுதான். லாரி டிரைவர் ஒருவர், 'இந்த மெத்தையில் படுத்த பிறகுதான் தரையின் அருமை தெரிந்தது' என்று இணையத்தில் எழுதிவிட்டார். இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரே வரியில் போனால் யாருக்குத்தான் தாங்கும்? முதலாளி கொதித்துப்போய், கம்பெனி பெயரில் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

வக்கீல்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். "நீங்க அழுதீங்க, தூக்கம் போச்சுங்கறதெல்லாம் செல்லாது சார். வழக்குப் போட்டது கம்பெனி. கம்பெனிக்கு ஏது மனசு? வியாபாரம் விழுந்துச்சுன்னு காட்டுங்க, நஷ்டஈடு கேக்கலாம்."

வியாபாரமோ விழுகிற வழியாகத் தெரியவில்லை. டிரைவர் எழுதியதைப் படித்தவர்களே பதினோரு பேர். அதிலும் நாலு பேர் முதலாளியின் சொந்தக்காரர்கள், திட்டுவதற்காகப் படித்தவர்கள்.

வேறு வழியில்லாமல் முதலாளியே வியாபாரத்தைக் கீழே தள்ள ஆரம்பித்தார். மூன்று மாதம் ஒரு தலையணை உறைகூடக் கடையை விட்டு வெளியே போகவில்லை. இதை வக்கீலிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

வழக்கு நாள் வந்தது. கேட்டிருந்த நஷ்டஈட்டுக்கு லாரியை விற்றாலும் பாதிதான் தேறும் என்று டிரைவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். முதலாளி சாட்சிக் கூண்டில் ஏறி, விற்பனை பூஜ்யம் என்று காட்டும் கணக்கைப் பெருமையாக நீட்டினார்.

கறுப்பு அங்கியும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்த நீதிபதி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"மூணு மாசமா மெத்தை கேட்டு ஒருத்தர்கூடக் கடைக்கு வரலையா?"

"சத்தியமா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலைங்க. எல்லாம் இந்த டிரைவர் எழுதுனதால வந்த வினை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலாளியை உற்றுப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்து, முனகிக்கொண்டே மெல்ல எழுந்தார்.

"இந்தக் கேஸை வேற நீதிபதி விசாரிக்கட்டும். நான் சாட்சி சொல்லணும்."