வாசலில் பானகம்

"டீ எடுத்துக்கோங்கம்மா" என்று அம்மு தட்டை நீட்டியபோது, வரலட்சுமியின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள். எல்லாம் புதுசு. ஒன்றின் பக்கத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் வருகிறார்கள் என்று வாங்கியிருக்க வேண்டும்.

தறிக்காரத் தெருவிலிருந்து காலனிக்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்கள் அந்த ஐந்து பேரும்.

போன ஆடிக் கிருத்திகைக்கு, அம்முவின் புருஷன் பிரேம்குமார் பால்காவடி எடுத்துக்கொண்டு தறிக்காரத் தெரு வழியாகத் திருத்தணி மலைக்குப் போனான். காலனிக் காவடி எப்போதும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகும். அன்றைக்கு மழை. கரையெல்லாம் சேறு.

காவடியை எட்டி உதைத்தது வரலட்சுமியின் மகன் கதிரவன். பால் கொட்டியது அவள் வீட்டு வாசலில்.

அன்றிலிருந்து அந்த இடத்தில் கோலம் போட அவளுக்குக் கை கூசியது. சாமி தன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றே நினைத்துக்கொண்டாள். இந்த ஆடிக்கு அந்தக் காவடி தன் வாசல் வழியாகப் போயே ஆகவேண்டும். அதற்காகத் தெருவையே நச்சரித்து, நாலு பேரைக் கிளப்பிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

கதிரவன் மட்டும் வரவில்லை. உதைத்தவனுக்கு வேலை இருந்ததாம்.

வந்து உட்கார்ந்ததும் தெருப் பெரியவர் நாகராஜன்தான் பேச்சை ஆரம்பித்தார். "தணிகை மலைங்க இது. சாமிக்கே கோவம் தணிஞ்ச எடம். நாம மனசுல வச்சிக்கினு இருக்கலாமாங்க?"

கோபப்பட்டு உதைத்தது எந்தத் தெரு என்பதை அவர் சொல்லவில்லை. காலனியில் யாருக்கும் ‘ங்க’ போட்டறியாத வாய் அது. இப்போது மூச்சுக்கு மூச்சு போட்டது. பிரேம்குமார் அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தான்.

வரலட்சுமிக்கு அழுகைதான் வந்தது. நடிப்பில்லை, நிஜமான அழுகை. அம்முவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள பண்ணது தப்பும்மா" என்றாள். பிடித்த பிறகு, தான் கையைப் பிடித்துவிட்டதை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"உடுங்கம்மா. போனது போவுட்டும்" என்றாள் அம்மு. அப்படிச் சொல்லிவிட்டுத்தான் டீ போட உள்ளே போனாள்.

இப்போது தட்டு நடுவில் நிற்கிறது. மற்ற நாலு பேரும் டீயைப் பார்க்கவில்லை, வரலட்சுமியைத்தான் பார்த்தார்கள். அவள் எடுத்தால் எடுப்பார்கள்.

"இன்னிக்கி கிருத்திகைம்மா... விரதம்."

அட, எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? அவள் யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

"ஆங், எனக்கும் விரதம்தாங்க" என்றார் நாகராஜன். மற்ற மூவரும் வேகமாகத் தலையை ஆட்டினார்கள்.

காலையில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். நாகராஜனின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சொட்டு காய்ந்திருந்தது.

அம்மு அந்தச் சொட்டைப் பார்த்தாளா, தெரியாது. "சரிங்கம்மா" என்று தட்டை அப்படியே உள்ளே எடுத்துப் போனாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வரலட்சுமிக்கு உடம்பெல்லாம் குன்றியது. சீ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எழுந்து போய் ஒரு டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டால் தீர்ந்தது. அடுப்படி நாலு எட்டு கூட இல்லை.

அவள் எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டு அம்முவிடம் தனியாக நின்றாள். எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஆடிக் கிருத்திகைக்கு எங்க தெரு வழியாவே வாங்கம்மா. எங்க வாசல்ல பானகம் கரைச்சி வெக்கிறேன். எங்கையாலயே தரேன்."

அம்மு சிரித்த முகமாகவே பதில் சொன்னாள்.

மெயின் ரோட்டு முனையில் டீக்கடையைப் பார்த்ததும் நாகராஜன் ஐந்து டீ சொன்னார். விரதம் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

"அந்தப் பொண்ணு கடைசியா இன்னாம்மா சொல்லிச்சி? வராங்களாமா?"

"வராங்களாம்" என்றாள் வரலட்சுமி.

"பாத்தியா! மன்னிச்சிட்டாங்க. நல்ல ஜனம்ப்பா" என்று நாகராஜன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு தட்டு பஜ்ஜியும் சொன்னார்.

வரலட்சுமியின் கையில் டீ ஆடை கட்டியது. அவளால் குடிக்கவும் முடியவில்லை, கீழே ஊற்றவும் முடியவில்லை. அம்மு சொன்னதில் பாதியைத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

"வரோம்மா. பானகம் மட்டும் வேணாம். அன்னிக்கி நெஜமாவே கிருத்திகை."