குங்கும மரம்

"அந்த வளைவுல ஒரு மரம் நிக்குதே, அது என்ன கலருங்க?"

கவின் இப்படிக் கேட்பது நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ. வான்மதி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அதுவா? குங்குமம். இப்பதான் நெத்தில வெச்ச மாதிரி."

"பக்கத்துல?"

"அது இன்னும் பச்சை. ஓரத்துல மட்டும் லேசா வெக்கப்படுது."

ஜாதகம் பொருந்தி, கோபியிலும் ஈரோட்டிலும் பெரியவர்கள் பாதிக் கல்யாணத்தை முடித்தே விட்டார்கள். பிள்ளைகள் நேரில் பேசிப் பார்ப்பதுதான் பாக்கி. அதற்காக டெக்சாஸிலிருந்து ஃப்ளைட் பிடித்து வந்திருந்தான் கவின். எங்கே மீட் பண்ணலாம் என்று கேட்டபோது, ஜெர்சி சிட்டி வான்மதி யோசிக்கவே இல்லை. "ஃபால் கலர்ஸ் பாக்கப் போலாம். இலையெல்லாம் நிறம் மாறி நிக்குது, இந்த வாரம் விட்டா கொட்டிடும்" என்றாள்.

வடக்கு ஜெர்சியின் மலைப்பாதை முழுக்க இலைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"இலை கொட்டறதைப் பார்த்தா பல பேருக்கு மனசு கஷ்டமாயிடும். உங்களுக்கு?" என்று கேட்டான் கவின்.

"எனக்குச் சாமி கும்பிட்ட மாதிரி இருக்குமுங்க. இந்த மஞ்சள் இருக்கே, அது புதுசா வந்ததில்ல. ஸ்ப்ரிங்ல இருந்தே இலைக்குள்ளதான் இருந்துச்சு. பச்சை விலகினதும் தெரியுது. நாமளும் நான், எனதுன்னு பூசி வெச்சிருக்கறது விலகினா, உள்ள இருக்கறவன் தெரிவான். அப்பறம் விழறதுக்கு என்ன பயம்? அங்க பாருங்க, எப்படி ஆடிக்கிட்டே இறங்குதுன்னு!"

அவள் கைநீட்டிய பக்கம் அவன் திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வான்மதிக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்தே இப்படித்தான். மலையே அலங்காரம் பண்ணிக்கொண்டு நிற்கிறது, இவனுக்கு ஒரு மரத்தை ரசிக்கத் தோன்றவில்லை. கேள்வியெல்லாம் சும்மா பேச்சை வளர்க்கத்தான் போல. இந்த மனுஷனோடு ஆயுசு முழுக்க எப்படி? சரிப்படாது என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

"தப்பா எடுத்துக்காதீங்க கவின். நானும் பாக்கறேன், நீங்க மரத்தைப் பாக்கவே மாட்டேங்கறீங்க. போரடிச்சா சொல்லுங்க, திரும்பிடலாம்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க!" அவன் பதறிப்போய் நின்றுவிட்டான். "எனக்குப் பொறந்ததுல இருந்தே சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். முதல்லயே சொல்லியிருந்தா, பாவம்னு ஏதாவது காபி ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. அமெரிக்கா வந்து இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தானுங்க ஃபால் பாக்கறேன். நீங்க சொல்லச் சொல்ல, உங்க முகத்துல."

வான்மதி அடுத்த மரத்தடியில் போய் நின்று, கீழ்க்கிளையிலிருந்து ஒவ்வொரு கலராக, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.