விளம்பரத்தோடு சஹானா

இறந்துபோன மனைவி கோமளவல்லியின் கச்சேரிகளைக் கேட்க, சபாநாயகத்துக்குப் பாட்டுச் செயலியின் இலவசத் திட்டம்தான் கட்டுப்படியானது. அதில் பாடுகிறவரின் குரலிலேயே, கணினி உருவாக்கிய விளம்பரமும் வரும். செத்தவர்களுக்கும் விலக்குக் கிடையாது.

அன்று சஹானா ராக ஆலாபனை மேல் ஸ்தாயியைத் தொடப்போகும் நேரத்தில் பாட்டு நின்றது.

"சபாநாயகம், முழங்கால் வலி எப்படி இருக்கு? இந்தத் தைலத்தைத் தடவிப் பாருங்களேன்" என்றது கோமளவல்லியின் குரல்.

அடுப்படியிலிருந்து மகள் நறுமுகை ஓடிவந்தாள். "அம்மா ஒருநாளாவது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களாப்பா? கேட்கவே சகிக்கலை. நான் காசு கட்டிடறேன், விளம்பரமே வராது."

"வேண்டாம்மா."

கல்யாணமான புதிதில் அவரே கெஞ்சியிருக்கிறார், ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன் என்று. ஆயிரம் பேர் முன்னால் கூசாமல் பாடுகிறவள், அதற்கு மட்டும் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொள்வாள்.

சஹானா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நறுமுகை இன்னும் அங்கேயே நின்றாள்.

"ஏம்ப்பா வேண்டாம்?"

"பேரைச் சொன்னா என் ஆயுசு குறைஞ்சிடும்னு சொல்லுவா உங்கம்மா" என்றார் சபாநாயகம். "கூப்பிடட்டும்மா."